வாசலிலே தொடங்கும் தேசப்படம்

(எமது நிதியத்தின் ஏற்பாட்டில் யாழ்ப்பாணத்துக்குக் கல்விச் சுற்றுலா வந்த தோட்டப் பாடசாலைப் பெற்றோர், ஆசிரியர் குழுவினருக்கு, அங்கு பல்லாண்டு காலம் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை. வாசகர்களின் நன்மை கருதி, பேச்சு நடையைப் பெரிதும் மாற்றாமல் தருகிறோம்.)

 

கண்டியில் தொடங்கும் ஏ9 வீதி யாழ்ப்பாணம் வந்து முடிய 321 கிலோமீற்றர். நீங்களோ கண்டிக்கும் அப்பால் இருந்து பஸ்ஸிலே இருந்து வந்திருக்கிறீர்கள். இன்று காலை நயினாதீவுக்கும் போய்க் கும்பிட்டு வந்துவிட்டீர்கள். களைப்பு இருக்கும். ஆனபடியால் சுருக்கமாகப் பேசி முடிப்பேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நான் வாத்தியார். அதற்கு உத்தரவாதம் தர முடியாது.

முதலில் ஒரு சிரிப்புக் கதை. நேற்றுப் பின்னேரம் உங்களில் ஒரு அம்மாவிடம், "நேரம் கிடைத்தால் என்னுடைய தோட்டத்தையும் வந்து பாருங்கோ" என்றேன். அவர் திகைத்துப் போனார். "ஐயாவுக்குத் தோட்டம் இருக்குதுங்களா? எத்தன பேரு வேல செய்யிறாங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னுடைய தோட்டம் இரண்டு பரப்பு வெங்காயம். பேர்ச் கணக்கில் சொன்னால் 20 பேர்ச். வேலை செய்கிற ஆட்கள் இரண்டு பேர். நானும் என் மனைவியும்.

ஒரே தமிழ், ஒரே சொல். உங்களுக்குத் தோட்டம் என்றால் மலை மலையாகத் தேயிலை, ஸ்டோர், லயம், பங்களா. எங்களுக்குத் தோட்டம் என்றால் ஒரு கிணறும் அதைச் சுற்றி நாலு பாத்தியும். இதை எத்தனை வார்த்தை சொல்லி விளங்கப்படுத்துவது? இந்தக் கைத்தொலைபேசியில் செய்மதிப் படத்தைத் திறந்து முதலில் என் ஊரைக் காட்டினேன். சின்னச் சின்னச் சதுரமாகச் செம்மண். பிறகு அந்த அம்மாவின் தோட்டத்துக்குப் போனோம். மலையைச் சுற்றிச் சுற்றி, சீப்பால் வாரிவிட்ட மாதிரிப் பச்சை. "ஓ! இதுதானா விஷயம்!" என்றார். அரை நிமிடத்தில் பாடம் முடிந்துவிட்டது.

இன்று நான் பேச வந்த பொருளும் இதுதான். தொட்டால் பெருக்கிற, இழுத்தால் நகர்கிற, கேட்டால் பதில் சொல்கிற இந்தப் புதுவகை வரைபடத்தை வகுப்பறையில் எப்படிப் பயன்படுத்துவது? அதனால் தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன நன்மை?

கரும்பலகைக் காலம்

நான் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் வகுப்பில் இருந்தது ஒரே ஒரு தேசப்படம். துணியில் ஒட்டியது, ஓரம் எல்லாம் கிழிந்தது. போர்க் காலத்தில் அதைக் கூடச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு வீதியால் போகப் பயம். யாராவது மறித்து "இது என்னத்துக்கு?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். ஏ9 பாதை 2002இல் திறந்தது, 2006 ஆகஸ்டில் மறுபடி மூடியது, போர் முடிந்த 2009க்குப் பிறகுதான் மீண்டும் மக்களுக்குத் திறந்தது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் பலர் ஆனையிறவுக்கு அங்கால் இலங்கை எப்படி இருக்கும் என்று கண்ணால் காணாமலே வளர்ந்தார்கள். அவர்களுக்கு நான் பிதுருதலாகலை மலை 2,524 மீற்றர் என்று சொல்லிக் கொடுத்தேன். அவர்களும் பாடமாக்கினார்கள். மலை என்றால் என்ன என்று மட்டும் அவர்களுக்குத் தெரியாது.

புவியியல் பாடத்தில் சமவுயரக்கோடு என்று ஒன்று இருக்கிறது. ஒரே உயரத்தில் உள்ள இடங்களை எல்லாம் சேர்த்துக் கீறுகிற கோடு. நில அளவைத் திணைக்களம் வெளியிடுகிற 1:50,000 இடவிளக்கப்படத்தில் அது இருக்கும். பரீட்சைக்கும் வரும். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாடு தோசைக்கல் மாதிரி. 20 மீற்றருக்கு ஒரு கோடு என்று கீறப் போனால் அநேகமாக ஒரு கோடும் விழாது. மலையே காணாத பிள்ளைக்கு மலைக் கோட்டை எப்படிப் படிப்பிப்பது? உருளைக்கிழங்கை வெட்டிக் காட்டுவேன். அப்போதும் பிள்ளைகள் கிழங்கைத்தான் பார்த்தார்களே தவிர மலையைப் பார்க்கவில்லை.

முதல் முயற்சி பிழைத்தது

பிறகு கொம்பியூட்டர் வந்தது. கூகுள் எர்த் என்ற பூமி உருண்டைப் படம் 2005இல் உலகத்துக்கு வந்தது. எங்கள் கைக்கு அது வந்து சேரப் பல வருடம் ஆனது. ஒரு நாள் புரொஜெக்டர் ஒன்று இரவல் வாங்கி, சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, வகுப்புக்குக் காட்டினேன். பூமி உருண்டை சுழன்றது. இமயமலைக்குப் போனோம், எகிப்துப் பிரமிட்டுக்குப் போனோம். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த கிழமை ஒரு சின்னச் சோதனை வைத்தேன். பழைய முறையில் படித்த வகுப்பும் இந்த வகுப்பும் ஒரே மாதிரித்தான் எழுதியிருந்தார்கள். படம் ஓடியது, பிள்ளைகள் பார்த்தார்கள், அவ்வளவுதான். சினிமாக் கொட்டகையில் இருந்து எழும்பி வந்த மாதிரி.

எங்கே பிழை? நான்தான் தொட்டேன், நான்தான் இழுத்தேன், நான்தான் பேசினேன். பிள்ளை ஒன்றையும் தேடவில்லை. கேள்வி இல்லாமல் காட்டுகிற படம் வேடிக்கைதான், பாடம் ஆகாது. இந்த உண்மையைப் படிக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

அதற்குப் பிறகு மூன்று விதி வைத்துக்கொண்டேன். ஒன்று, முதலில் வெறும் தாளும் பென்சிலும், பிறகுதான் போன். இரண்டு, ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு கேள்வி. மூன்று, பாடம் பிள்ளையின் வாசலிலே தொடங்க வேண்டும். பிரமிட்டு பிறகு வரட்டும்.

கிணற்றுப் பாடம்

ஒரு உதாரணம் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது. மாரியில் மட்டும் ஓடும். எங்கள் உயிர் கிணற்றில்தான் இருக்கிறது. ஆகவே வகுப்புக்கு ஒரு கேள்வி போட்டேன்: "எங்கட ஊரில எந்தக் கிணத்துத் தண்ணி நல்ல தண்ணி, எது சவர்?"

பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தங்கள் கிணற்றுத் தண்ணீரை ருசி பார்த்து, பக்கத்து வீட்டிலும் கேட்டு எழுதி வந்தார்கள். பிறகு வரைபடத்தில் ஒவ்வொருவரும் தன் கிணற்றைத் தேடிப் பிடித்து ஒரு புள்ளி வைத்தார்கள். நல்ல தண்ணீருக்குப் பச்சை, சவருக்கு மஞ்சள், வாயில் வைக்க முடியாத உப்புக்குச் சிவப்பு. எல்லாப் புள்ளியும் விழுந்த பிறகு ஒரு பிள்ளை எழும்பிச் சொன்னாள்: "சேர், சிவப்பெல்லாம் கடல்நீரேரிப் பக்கமா வரிசையா நிக்குது. ஆனா நடுவிலயும் ரெண்டு நிக்குது. அது ஏன்?"

அந்த "ஏன்" வந்த பிறகுதான் நான் வாயைத் திறந்தேன். எங்கள் நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக் கல். மழைத் தண்ணீர் அந்தக் கல்லின் வெடிப்புகளால் இறங்கி, அடியில் உள்ள உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணறு இருக்கிறதே, அதில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் மேல் தண்ணீர் குறைந்து உப்பு மேலே ஏறும். கடலுக்குத் தூரத்திலும் அது நடக்கலாம்.

இதை முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். ஒரு தகப்பனும் என்னிடம் வந்ததில்லை. இந்த முறை ஒருவர் வந்தார். "மாஸ்ரர், மகள் படம் காட்டினவள். நாங்கள் மிசின் வைச்சு இறைக்கிறதைக் கொஞ்சம் குறைக்க வேணுமோ?" என்று கேட்டார். பாடம் வகுப்பறையைத் தாண்டி வீட்டுக்குப் போனதை அன்றுதான் கண்டேன்.

அம்மம்மாவின் கிணறு

இன்னொரு கதை. இது கொஞ்சம் பாரமானது. வலிகாமம் வடக்கில் 1990 யூனில் இடம்பெயர்ந்த சனம் ஊர் திரும்பப் பல வருடம் காத்திருக்க வேண்டி வந்தது. காணி துண்டு துண்டாகத்தான் விடுபட்டது. என் வகுப்பில் ஒரு பிள்ளை நலன்புரி முகாமில் பிறந்தவள். தன் ஊரை அவள் கண்டதே இல்லை. அம்மம்மா சொல்லக் கேட்டதுதான்.

"உங்கள் வீட்டைப் படத்தில் காட்டுங்கள்" என்ற பாடத்தில், அவள் முகாமைக் காட்டவில்லை. அம்மம்மா சொன்ன அடையாளத்தை வைத்துத் தேடினாள். கோயில், கோயிலுக்குப் பக்கத்தில் குளம், குளத்துக்கு வடக்கே ஒழுங்கை, ஒழுங்கை முடக்கில் வீடு. கடைசியில் "சேர், எங்கட அம்மம்மாவின்ர கிணறு!" என்று கத்தினாள். அடுத்த நாள் அந்தக் கிழவி பாடசாலைக்கே வந்துவிட்டா. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தா. "கூரை நிக்குது" என்று மட்டும் சொன்னா.

பிறகு அந்தக் காணி விடுபட்டது. போய்ப் பார்த்தால் வீடு இல்லை. கிணறு மட்டும் இருந்தது. அந்தச் செய்மதிப் படம் சில வருடம் பழையது. அது எடுத்த நாளுக்கும் நாங்கள் பார்த்த நாளுக்கும் இடையில் வீடு போய்விட்டது.

அந்தக் கிழவியின் முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் சங்கடப்படும். படத்துக்கும் ஒரு திகதி உண்டு என்பதை நான் முதலே சொல்லியிருக்க வேண்டும். ஆசிரியத் தம்பி தங்கைமாரே, இதைக் கட்டாயம் படிப்பியுங்கள். போனில் தெரிவதெல்லாம் இன்றைய உண்மை இல்லை. ஒவ்வொரு படமும் ஒரு நாளில் எடுத்தது. எந்த நாள் என்று கேட்கப் பழக்க வேண்டும்.

இரண்டு நடைப் பயணங்கள்

நெடுந்தூரத்தை அளக்கவும் இந்தப் படம் உதவும். இரண்டு இடத்தைத் தொட்டால் நடுவில் எத்தனை கிலோமீற்றர் என்று சொல்லும். இதை வைத்து நான் படிப்பித்த பாடம் இரண்டு நடைகளைப் பற்றியது.

முதல் நடை எங்களுடையது. 1995 அக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் வெளிக்கிட்டது. லட்சக்கணக்கான ஆட்கள், மழை, ஒரே வீதி. செம்மணி வெளியால் போய், நாவற்குழிப் பாலம் கடந்து, தென்மராட்சிக்குப் போனோம். யாழ்ப்பாண நகரில் இருந்து சாவகச்சேரி ஏறக்குறைய 16 கிலோமீற்றர். படத்தில் விரல் அகலம். பிள்ளைகளுக்கு இது ஒரு தூரமே இல்லை. "வீட்டில் கேட்டு வாருங்கள், இந்தத் தூரம் நடக்க எவ்வளவு நேரம் பிடித்தது?" என்று அனுப்பினேன். அடுத்த நாள் வந்த பிள்ளைகளின் முகம் வேறு. "சேர், பாலத்தடியில மட்டும் மணித்தியாலக் கணக்கா நிண்டவையாம்" என்றார்கள். படம் தூரத்தைச் சொல்லும். அந்தத் தூரத்தின் பாரத்தை வீட்டில் உள்ள பெரியவர்கள்தான் சொல்ல முடியும்.

இரண்டாவது நடை உங்களுடையது. நேற்று உங்கள் பஸ் மாத்தளையால் வந்திருக்குமே. உங்கள் முன்னோர் தலைமன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து ஏறிய இடம் அது. நேர்கோட்டில் அளந்தாலே 200 கிலோமீற்றருக்கு மேல். காட்டுப் பாதை இன்னும் கூட. காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். இருநூறு ஆண்டு நினைவாக 2023 யூலை, ஆகஸ்டில் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை மறுபடியும் நடந்து போனார்கள் அல்லவா? அந்த நேரம் பத்திரிகையில் வந்த ஊர்ப் பெயர்களைப் பார்த்துப் பார்த்து, எங்கள் பிள்ளைகள் வரைபடத்தில் அந்தப் பாதையைக் கீறினார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை மலையகத்தின் கதையைப் பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் வாசிப்பதற்கும், விரலால் அந்த வழி முழுக்கப் போய்ப் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஒரு பையன் கேட்டான்: "இவ்வளவு தூரம் நடந்து வந்த ஆக்களுக்கு ஏன் சேர் இன்னும் காணி இல்லை?" அதற்குப் புவியியலில் பதில் இல்லை என்றேன்.

படத்தில் இல்லாத ஒழுங்கை

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் ராத்திரி எங்கள் ஊரில் ஒரு முதியவருக்கு நெஞ்சு நோ. வாகனம் ஒன்றுக்குச் சொல்லியாயிற்று. சாரதி வெளியூர்ப் பொடியன், போனில் உள்ள படத்தைப் பார்த்துத்தான் வந்தான். படத்தில் எங்கள் ஒழுங்கையே இல்லை. பக்கத்துக் குறிச்சியில் போய் நின்றுகொண்டு, "இங்க பாதை முடியுது" என்றான். நான் சைக்கிளில் போய்க் கூட்டி வந்தேன். முதியவர் தப்பிவிட்டார், கடவுள் கிருபை. ஆனால் அந்த அரை மணித்தியாலத்தை நான் மறக்கவில்லை. சாரதியில் பிழை இல்லை. எங்கள் ஒழுங்கையை யாரும் படத்தில் போடவில்லை. நாங்களும் போடவில்லை.

நாங்கள் போடலாமா? போடலாம். ஓபன்ஸ்ட்ரீட்மெப் என்று ஒரு பொது வரைபடம் இருக்கிறது. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கியது. எவரும் அதில் பெயர் பதிந்து, தனக்குத் தெரிந்த பாதையை, பாலத்தை, பாடசாலையைக் கீறலாம். பெயரைத் தமிழிலும் எழுதலாம். பிழையாகப் போட்டால் அடுத்தவர் திருத்துவார். கூகுள் படத்திலும் திருத்தம் சொல்லலாம். அதை அந்த நிறுவனம் பார்த்து ஏற்றுக்கொள்ளும், அல்லது விட்டுவிடும். எங்கள் பிள்ளைகள் ஐந்து சனிக்கிழமை நடந்து, ஊரில் உள்ள ஒழுங்கை எல்லாவற்றையும் போட்டார்கள்.

இது எங்கள் புத்தி இல்லை. கென்யா நாட்டில் நைரோபி நகரத்தில் கிபெரா என்று பெரிய சேரி ஒன்று இருக்கிறது. லட்சக்கணக்கில் சனம். ஆனால் வரைபடத்தில் அந்த இடம் வெறுமை. 2009இல் அங்குள்ள இளைஞர்களே கையில் கருவியோடு நடந்து, பாதை, தண்ணீர்க் குழாய், மருந்துக்கடை, பாடசாலை எல்லாவற்றையும் படத்தில் ஏற்றினார்கள். நம் நாட்டிலும் 2013ஆம் ஆண்டளவில் மட்டக்களப்பு மண்முனை வடக்கில் ஏறக்குறைய 30,000 கட்டடங்களை இதே பொது வரைபடத்தில் போட்டார்கள். வெள்ளம், புயல் வந்தால் எங்கே எத்தனை வீடு என்று தெரிய வேண்டும் என்பதற்காக.

உங்கள் லயம் எங்கே?

நேற்று அந்த அம்மாவின் தோட்டத்தைப் பார்த்தபோது நான் ஒன்றைக் கவனித்தேன். செய்மதிப் படத்தில் லயத்தின் கூரை வரிசையாகத் தெரிகிறது. ஸ்டோர் தெரிகிறது. ஆனால் பெயர் எழுதிய படத்துக்கு மாற்றினால், தோட்டத்தின் பெயர் ஒன்று மட்டும் இருக்கிறது. மேற்கணக்கு இல்லை, பணியக்கணக்கு இல்லை, லயத்துக்குப் போகிற பாதை இல்லை, பிள்ளை மடுவம் இல்லை, கோயில் இல்லை. "எங்க லயத்து ரோடு இதுல இல்லீங்களே" என்று அவர் கேட்டபோது எனக்கு என் ஒழுங்கைதான் ஞாபகம் வந்தது.

பல தோட்டங்களில் இன்றும் கடிதம் தோட்டக் கந்தோருக்குத்தான் வருகிறது. லயத்துக்கு இலக்கம் இருந்தாலும் வெளியில் இருந்து வருகிறவனுக்கு அது தெரியாது. இலவச அம்புலன்ஸ் சேவை, 1990 என்ற இலக்கம், 2016இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கி, 2018 யூலையில் வடக்குக்கும் வந்தது. நடுச்சாமத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு நோ வந்து அந்த இலக்கத்துக்கு அழைத்தால், "எங்கே வர வேண்டும்?" என்று கேட்பார்கள். பதில் சரியாகச் சொல்லத் தெரிய வேண்டும். வரைபடம் படித்த பிள்ளை வீட்டில் ஒன்று இருந்தால், எந்தச் சந்தியால் திரும்பி, எந்தப் பாலம் கடந்து, எத்தனை கிலோமீற்றர் என்று சொல்லும்.

மண்சரிவையும் சொல்ல வேண்டும். 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நீங்கள் எனக்குச் சொல்லத் தேவையில்லை. அது முன்பே எச்சரிக்கை விடுத்திருந்த இடம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையிலும் மலைநாட்டில் எத்தனை இடத்தில் மண் இறங்கியது! தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பதுளை, நுவரெலியா, கண்டி போன்ற மாவட்டங்களுக்கு மண்சரிவு அபாய வரைபடங்கள் செய்து வைத்திருக்கிறது. எந்தச் சரிவு ஆபத்து, எது அவ்வளவு ஆபத்து இல்லை என்று நிறம் போட்டுக் காட்டுகிற படங்கள். அந்தப் படம் கந்தோர் அலுமாரியில் இருந்தால் மட்டும் போதாது. எட்டாம் வகுப்புப் பிள்ளை அதை வாசிக்க வேண்டும். தன் லயம் எந்த நிறத்தில் நிற்கிறது, மழை கொட்டினால் எந்தப் பாதையால் எங்கே போக வேண்டும் என்று அது அறிந்திருக்க வேண்டும்.

இதிலே உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளை விடக் கெட்டிக்காரர்கள். ஏன் தெரியுமா? நான் உருளைக்கிழங்கை வெட்டிக் காட்டியும் விளங்காத சமவுயரக்கோடு உங்கள் காலடியில் இருக்கிறது. புதுத் தேயிலை நிரை மலைக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் போகிறதல்லவா? மண் கழுவுப்படாமல் குறுக்கே கான் வெட்டுகிறீர்கள் அல்லவா? அந்த நிரைதான் சமவுயரக்கோடு! ஒரு நிரையோடு நேரே கொழுந்து எடுத்துப் போனால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மேல் நிரைக்கு ஏறினால் அடுத்த கோடு. கோடுகள் நெருக்கமாக இருந்தால் சரிவு செங்குத்து, மூச்சு வாங்கும். ஐதாக இருந்தால் சாய்வு குறைவு. பரீட்சைக்கு வருகிற இந்தக் கேள்விக்குக் கொழுந்து எடுக்கிற ஒரு தாய் பதில் சொல்லலாம். புத்தகப் பெயர் மட்டும்தான் அவருக்குத் தெரியாது. அதை ஆசிரியர் சொல்லிக் கொடுக்கட்டும்.

ஒரு போன் போதும்

"சேர், எங்க ஸ்கூல்ல கொம்பியூட்டர் இல்ல, சிக்னலும் இல்ல" என்று சொல்வீர்கள். 2020, 2021 கொரோனாக் காலத்தில் உங்கள் பிள்ளைகள் சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறியது எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், ஒரு போன் போதும்.

ஐந்து பிள்ளைக்கு ஒரு போன். ஒரு பிள்ளை போனைப் பிடிக்கும், ஒரு பிள்ளை தாளில் கீறும், ஒரு பிள்ளை அடி எண்ணி நடக்கும், ஒரு பிள்ளை பெரியவர்களிடம் பெயர் கேட்கும், ஒரு பிள்ளை பிழை பார்க்கும். டவுனுக்குப் போகும்போது உங்கள் பகுதிப் படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் அது வேலை செய்யும். போனே இல்லாத நாளில் தாளில் கீறுங்கள். தாளில் கீறத் தெரியாத பிள்ளைக்குப் போன் ஒன்றும் சொல்லித் தராது.

சில எச்சரிக்கையும் உண்டு. பொது வரைபடத்தில் பாதையைப் போடுங்கள், பாடசாலையைப் போடுங்கள். இன்னார் வீடு, இன்னார் பிள்ளை என்று ஆட்களின் பெயரைப் போடக் கூடாது. ஆபத்தான சரிவுக்கும் ஆற்றுக்கும் பிள்ளைகளைத் தனியே அளக்க அனுப்பக் கூடாது. படத்தில் பெயர் வந்தால் காணி உறுதி கிடைத்துவிட்டது என்று யாரும் நினைக்கவும் கூடாது. அது வேறு போராட்டம். படத்தில் நிறம் பச்சையாக இருக்கிறது என்று மழைக் காலத்தில் அசட்டையாக இருக்கவும் கூடாது. நிலத்தில் வெடிப்பு, மரம் சாய்வது, புதிதாக ஊற்றுக் கிளம்புவது, ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்குவது, இவற்றைக் கண்டால் படம் பார்த்துக்கொண்டு நிற்காமல் வெளியேற வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

அம்மாமாரே, ஐயாமாரே, பிள்ளையின் புவியியல் பாடத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளையைக் கூப்பிட்டு, "நம்ம லயத்துல இருந்து ஸ்கூலுக்குப் போற வழியப் படமாப் போடு" என்று சொல்லுங்கள். பக்கத்தில் இருங்கள். அந்தப் பாறைக்கு என்ன பெயர், அந்த மலைக்கு எத்தனையாம் நம்பர், அந்த ஓடையைப் பாட்டி என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார், எந்த இடத்தில் முன்பு மண் சரிந்தது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அது எந்தச் செய்மதிக்கும் தெரியாது.

பிறகு அந்தத் தாளைப் பாடசாலைக்கு அனுப்புங்கள். ஆசிரியர்மாரே, நாற்பது பிள்ளையின் தாளையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள், உங்கள் தோட்டத்தின் படம் வந்துவிடும். அதைப் பிள்ளைகளைக் கொண்டே போனில் உள்ள படத்தோடு ஒப்பிட்டு, இல்லாததை ஏற்றுங்கள். அடுத்த வருடம் நீங்கள் வரும்போது என் கையில் உள்ள இந்தப் போனிலே மேற்கணக்கும் பணியக்கணக்கும் தமிழில் தெரிய வேண்டும். அப்போது நான் உங்களிடம் வழி கேட்காமலே உங்கள் தோட்டத்துக்கு வந்துவிடுவேன்.

போகும்போது என் தோட்டத்தையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். இரண்டு பரப்புத்தான். ஆனால் வெங்காயம் நல்ல வெங்காயம். ஆளுக்கு ஒரு பிடி கட்டி வைத்திருக்கிறேன்.